ஒண்ணாம் நம்பர் வரி

ஆக இருநூத்துப் பன்னெண்டு வரியில இருநூத்துப் பதினொண்ணு முடிஞ்சுது. பாக்கி ஒண்ணே ஒண்ணு. அதுக்காகவா சார் பல் பிடுங்க வந்தவர் மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க? உட்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு மூணரைக் கால்தான். இதுல உட்காருங்க. ஏசிக்கு நேரா வேண்டாம், கொஞ்சம் இப்படித் தள்ளி. போன வருஷம் ஒரு அதிகாரி அதே இடத்துல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். குளிர்ல கை நடுங்கின நடுக்கத்துல அது வேற ஆளோட கையெழுத்தா ஆயிடுச்சு. வீட்டுல காட்டினா அவர் சம்சாரமே இது இவர் கையெழுத்து இல்லன்னு சொல்லிட்டாங்களாம்.

மணி என்ன? பத்து இருபதா. அப்ப நிறைய நேரம் இருக்கு.

தெரியும் சார், பதினோரு மணிக்கு இந்தப் பெட்டியை அணைச்சாகணும். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியும் எதுக்காக இருக்குன்னு நான் காரணம் சொல்லிக் கையெழுத்துப் போடணும். காரணம் இருக்கற வரி புது சிஸ்டத்துக்குப் போகும், இல்லாத வரி இங்கேயே செத்துப் போகும். காலையிலேர்ந்து இதை நாலு தடவை சொல்லிட்டீங்க. எனக்கு வயசு அறுபத்தெட்டு ஆனாலும் காது நாப்பதுலயே நின்னுடுச்சு, நல்லா கேக்குது.

ஒண்ணாம் நம்பர் வரி, குறிப்பு எழுதற இடத்துல தொடாதேன்னு ஒரே ஒரு வார்த்தை. ஆமா, எழுதினது நான்தான். இந்த அறையில வேற யார் சார் இருந்தா எழுதறதுக்கு? எனக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்து எட்டு வருஷம் ஆச்சு. மாலை போட்டு அனுப்பி வச்சாங்க, மாலை வாடறதுக்குள்ள ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. என் இடத்துக்கு மூணு பேர் வந்தாங்க. ஒருத்தர் ஒரு வாரம், ஒருத்தர் நாலு நாள், மூணாமத்தவர் இந்த வரிசையைத் திறந்து பார்த்தார், மூடினார், எழுந்து போனார். பேனாவைக் கூட விட்டுட்டுப் போயிட்டார். இதோ, இதுதான் அந்தப் பேனா. நல்லா எழுதுது.

சொல்றேன் சார். சொல்லத்தானே போறேன். ஆனா நேரா அந்த வரிக்குப் போனா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது. நீங்க கம்ப்யூட்டர் ஆள் இல்ல, தணிக்கைன்னு நீங்களே சொன்னீங்க. நல்லதாப் போச்சு. கம்ப்யூட்டர் ஆள்கிட்ட கதை விட்டா பாதியிலேயே சிரிச்சுடுவான்.

இதைக் கேளுங்க. இங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வெளியூர்கள்ல அம்பத்திரெண்டு சின்ன ஆஸ்பத்திரி. அங்கெல்லாம் பெரிய டாக்டர் கிடையாது, ஒரு திரை இருக்கு. நோயாளியை அந்தத் திரை முன்னாடி உட்கார வச்சு நம்பரை அழுத்தினா இங்க இருக்கற டாக்டர் திரையில வருவார். நாக்கை நீட்டுன்னு இவர் இங்க சொல்வார், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நாக்கு நீளும். இந்த எல்லா அழைப்பும் யார் வழியாப் போகுது? இந்தப் பெட்டி வழியா. பார்க்க ஷூ வாங்கின அட்டைப்பெட்டி மாதிரிதான் இருக்கும், ஆனா இது நம்ம வரவேற்பு மேசையில உட்கார்ந்திருக்கற அம்மா மாதிரி. நீங்க போய் எலும்பு டாக்டர் வேணும்னு கேட்டா அவங்க நிமிர்ந்து கூடப் பார்க்காம பன்னெண்டாம் அறைம்பாங்க. நீங்க கேட்டது ஒண்ணு, அவங்க மாத்திச் சொன்னது ஒண்ணு. போய்ச் சேர்ந்துடுவீங்க. இதுவும் அதேதான் பண்ணுது. ஒருத்தர் ஒரு நம்பரைக் கூப்பிடுவார், இது அந்த நம்பரை வேற நம்பரா மாத்திப் போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிடும். நடுவுல மாத்தினது கூப்பிட்டவருக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது.

எப்படி மாத்தணும்னு எழுதி வச்சதுதான் உங்க கையில இருக்கற இருநூத்துப் பன்னெண்டு வரி. மேலேர்ந்து படிச்சுக்கிட்டே வரும். முதல்ல எது பொருந்துதோ அதோட நிறுத்திடும், கீழ பார்க்கவே பார்க்காது. அதனால மேல இருக்கறவன் வச்சதுதான் சட்டம். உங்க ஆபீஸ்லயும் அப்படித்தானே? சரி சரி, சிரிக்காதீங்க, யாராவது பார்த்துடப் போறாங்க.

இதுல ஒரு எண் தப்பாப் போட்டா என்ன ஆகும்னு நினைக்கறீங்க? ஒரு தடவை இயக்குநர் ஒன்பது துறைத் தலைவர்களையும் கூப்பிட்டுத் திரையில கூட்டம் போடறார். நான் ரெண்டு எண்ணை முன்னப் பின்ன போட்டுட்டேன். கூட்டம் போய்ச் சேர்ந்தது சலவை அறைக்கு. அங்க ஒரு பழைய திரையைத் தூக்கிப் போட்டு வச்சிருந்தாங்க. சலவை அறைத் தலைவி வெள்ளைப் புடவையில நின்னு துணி தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க, சுவத்துல இயக்குநர் தோணறார். நூறு படுக்கை கூடுதலாப் போடலாம்னு இருக்கோம், உங்க கருத்து என்னங்கறார். இந்தம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வச்சுட்டு, இருக்கற படுக்கை விரிப்பைத் துவைக்கவே சோப்பு வரல, இதுல நூறு வேறயான்னு கேட்டாங்க. அப்புறம் தீர்மானம் ரத்து. ஏகமனதா. ரெண்டு மாசம் கழிச்சு, அந்த வெள்ளைப் புடவை நிபுணரை எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிடணும்னு மேலேர்ந்து கடுதாசி வந்துது.

நம்பலையா? போய் சலவை அறையில கேளுங்க. இல்ல, அந்தம்மா இப்ப இல்ல, வேலையை விட்டுப் போயிட்டாங்க. சாட்சி வேலையை விட்டுப் போனா அது என் குத்தமா?

அதாவது பரவாயில்ல. வட மண்டலத்துல இதே மாதிரி ஒரு பெட்டி இருக்கு, அதுக்கும் ஒரு கிழவர் காவல். எனக்கும் அவருக்கும் எப்பவும் ஒரு போட்டி. எனக்குத் தெரியாத நம்பர் வந்தா அவர் பக்கம் தள்ளிவிடுன்னு நான் எழுதி வச்சேன். அவருக்குத் தெரியாத நம்பர் வந்தா என் பக்கம் தள்ளிவிடுன்னு அவர் எழுதி வச்சார். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கல. ஒரு திங்கக்கிழமை காலையில தோல் டாக்டர் ஒருத்தர் ரெண்டு பேருக்குமே தெரியாத ஒரு நம்பரைக் கூப்பிட்டார். நான் அங்க தள்ள, அவர் இங்க தள்ள, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே வந்துக்கிட்டே இருக்கு. இதுக்குன்னு ஒரு கணக்கு உண்டு சார், இத்தனை தடவை கைமாறினா அழைப்பு தானா அறுந்துடணும்னு. அந்தக் கணக்கை நாங்க ரெண்டு பேருமே வீம்புக்கு நீக்கி வச்சிருந்தோம். புதன்கிழமை மத்தியானம் அழைப்பு போய்ச் சேர்ந்துது. கூப்பிட்டப்போ டாக்டருக்கு மீசை இருந்துது, திரையில படம் விழுந்தப்போ மழுமழுன்னு இருந்தார்.

இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். புதன் இல்ல, செவ்வாய்.

கடிகாரத்தைப் பார்க்காதீங்க சார், அது அஞ்சு நிமிஷம் வேகம். நம்ம ஆஸ்பத்திரியில வேகமா இருக்கறது அது ஒண்ணுதான். சரி, வரிக்கே வரேன். கொண்டாங்க காகிதத்தை. படிக்கறேன், கேளுங்க. நாப்பத்து மூணாம் நம்பர் ஆஸ்பத்திரியிலேர்ந்து யாராவது ஏழாயிரத்து நூறைக் கூப்பிட்டா, அதை எட்டாயிரத்து இருநூத்துப் பதினெட்டா மாத்தி அனுப்பு. அவ்வளவுதான்.

நாப்பத்து மூணு மலைமேல இருக்கு. எட்டு படுக்கை, ஒரு நர்ஸ், ஒரு டாக்டர். மழை பெஞ்சா பாதை மூடிடும். ஏழாயிரத்து நூறு நம்ம உதவி மையம். திரை தெரியல, சத்தம் கேக்கலன்னா கூப்பிடற நம்பர், பக்கத்துக் கட்டடத்துல நாலு பேர் உட்கார்ந்து எடுப்பாங்க. எட்டாயிரத்து இருநூத்துப் பதினெட்டு... அது வேற எங்கயும் இல்ல. உங்க முழங்கைக்குப் பக்கத்துல இருக்கற, சின்னத் திரை வச்ச இந்தக் கறுப்பு போன்தான். என் மேசை.

ஏன் நாப்பத்து மூணுக்கு மட்டும்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். மலைமேல லைன் ரொம்ப மெல்லிசு சார், உதவி மையத்துல இருக்கறவங்களுக்கு அதோட சூட்சுமம் தெரியாது, அதனால நானே... என்னது? நாப்பத்து நாலும் அதே மலையிலதான் இருக்கா? பட்டியல்ல பார்த்துட்டீங்களா? அடேயப்பா. தணிக்கைன்னா தணிக்கைதான்.

அப்ப உண்மையைச் சொல்லிடறேன். அங்க ஒரு குரங்கு இருக்கு. ஜன்னல் வழியா உள்ள வந்து உதவி மையத்துப் பொத்தானை அழுத்தக் கத்துக்கிச்சு. தினம் கூப்பிட்டு உறுமும். உதவி மையத்துல புதுசா வந்த பையன் அதுகிட்ட முக்கால் மணி நேரம் பேசி புகார் எண் வரைக்கும் குடுத்துட்டான். அதுக்காகத்தான்...

சரி, இதுக்கும் சிரிக்கல. உங்களை உங்க ஆபீஸ்ல எதுக்கு வச்சிருக்காங்கன்னு இப்பப் புரியுது.

டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. மணி? பத்து நாப்பதா. ம்.

அந்த வரி ஒரு தப்புலேர்ந்து பொறந்தது சார். இது கதை இல்ல. நாலு வருஷம் முன்னாடி எழுநூத்துப் பத்துன்னு மூணு எண்ல ஒரு பழைய திரை இருந்துது, கிடங்குல. அதைக் கழட்டி எடுத்துட்டாங்க. யாராவது தெரியாம அதைக் கூப்பிட்டா என் மேசைக்கு வரட்டும்னு ஒரு வரி எழுதினேன். ஏழு, ஒண்ணு, பூஜ்யம். எழுதிட்டு, நம்பர் இதோட முடிஞ்சுதுன்னு ஒரு குறி போடணும். முத்துப்புள்ளி மாதிரி ஒரே ஒரு குறி. என்னைக்கும் மறக்காதவன் அன்னிக்கு மறந்துட்டேன். பெட்டிக்கு என்ன தெரியும்? ஏழு, ஒண்ணு, பூஜ்யம்னு தொடங்கற எதுவானாலும் என் மேசைக்குத்தான்னு அது எடுத்துக்கிச்சு. உதவி மையம் என்ன நம்பர்? ஏழு, ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம். முடிஞ்சுது. அம்பத்திரெண்டு ஆஸ்பத்திரியோட மொத்தப் புகாரும் என் மேசையில வந்து விழுது. அங்க உதவி மையத்துல நாலு பேரும், இன்னிக்கு உலகத்துல ஒரு பழுதும் இல்லன்னு காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

ஒரு மணி நேரத்துல பத்தொன்பது அழைப்பு. ஒரு பக்கம் எடுத்துப் பதில் சொல்லிக்கிட்டே இன்னொரு பக்கம் எங்க தப்புன்னு தேடறேன். பன்னெண்டாவது அழைப்பு நாப்பத்து மூணுலேர்ந்து. திரையில ஒரு டாக்டரம்மா. வெள்ளைக் கோட்டு, தலைமுடியை இழுத்துக் கட்டியிருக்காங்க. ரெண்டாவது திரையில படம் வரலன்னு கோவமா சொல்றாங்க. கோவம் வந்தா புருவம் ரெண்டும் நடுவுல வந்து இடிச்சுக்குது. அந்தப் புருவத்தை நான் முப்பது வருஷம் என் வீட்டுச் சமையலறையில பார்த்தவன் சார். என் சம்சாரத்தோட புருவம்.

இல்ல இல்ல, சம்சாரம் போய்ச் சேர்ந்து அப்பவே ரெண்டு வருஷம் ஆச்சு. இது என் பொண்ணு.

என் பக்கம் கேமரா கிடையாது, உதவி மையத்துக்குக் குரல் மட்டும்தான். அவளை நான் பார்க்கலாம், அவ என்னைப் பார்க்க முடியாது. ஹலோ யார் பேசறதுன்னா. நான் என்ன சொல்லணும்? வாயிலேர்ந்து வந்துது, உதவி மையம் மேடம்னு. இடிச்சுக்கிட்டிருந்த புருவம் ரெண்டும் மெல்ல விலகிச்சு. அப்புறம் சார், இந்த ரெண்டாவது திரையைக் கொஞ்சம் பாருங்கன்னா.

ஏன் பேரைச் சொல்லலைன்னு கேக்கறீங்களா? சொல்லியிருந்தா வச்சிருப்பா.

அவ இங்க வேலைக்குச் சேர்ந்திருக்காங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஊர்ல எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கு, இவ எங்க வந்து சேர்ந்திருக்கா பாருங்க. ஆனா அதை அன்னிக்கு யோசிக்கத் தோணல.

எங்களுக்குள்ள பேச்சு இல்ல. பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல சார், நான் ஒரு கதை விட்டேன், அவ்வளவுதான். அவ வெளியூர்ல மேல்படிப்புக் கடைசிப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தா. இங்க அவ அம்மா படுத்துட்டா. பரீட்சை முடியற வரைக்கும் அவளுக்குச் சொல்ல வேண்டாம்னு அவ அம்மாதான் சொன்னா. என்கிட்ட அப்படி ஒரு வேலையைக் குடுத்தா விடுவேனா? தினமும் சாயங்காலம் அவ போன் பண்ணுவா, நான் எடுப்பேன். அம்மா குளிக்கறான்னு ஒரு நாள். அம்மா தையல்காரர்கிட்ட சண்டைக்குப் போயிருக்கா, ரவிக்கையில கை எங்கன்னு கேட்டு. அம்மா பக்கத்து வீட்டுல பூனைக்குப் பிரசவம் பார்க்கறா. பூனைக்கு மூணு குட்டி, அதுல ஒண்ணு கட்சி மாறி நாய் வீட்டுக்குப் போயிடுச்சுன்னு மறுநாள். அவ விழுந்து விழுந்து சிரிப்பா. கட்டில்லேர்ந்து அவ அம்மாவும் சிரிப்பா, சத்தம் வராம. இருபத்து மூணு நாள். நான் விட்டதுலயே ஒரு ஓட்டை கூட இல்லாத கதை அதுதான் சார். இருபத்து நாலாம் நாள் சொல்றதுக்குக் கதை இல்ல. பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள் இருந்துது.

வந்தா. எல்லாம் முடிஞ்சப்புறம் கிளம்பறப்போ வாசல்ல நின்னு சொன்னா. இனிமே உங்க வாயிலேர்ந்து வர்ற எதையும் நான் நம்பறதா இல்லப்பா, நானா உங்களைக் கூப்பிட மாட்டேன். அழக்கூட இல்ல. எனக்கும் வீம்பு. நீயா கூப்பிடற வரைக்கும் நானும் கூப்பிட மாட்டேன்னேன். அந்த நேரத்துல ஒரு அப்பன் சொல்ற பேச்சா அது? சொல்லிட்டேன். ரெண்டு வருஷம் ரெண்டு பேரும் வாக்குத் தவறல.

இப்பப் புரியுதா சார் அந்த வரி? தப்பை அன்னிக்கே சரி பண்ணிட்டேன், குறியைப் போட்டுட்டேன், அம்பத்தோரு ஆஸ்பத்திரி புகாரும் ஒழுங்கா உதவி மையத்துக்குப் போயிடுச்சு. நாப்பத்து மூணுக்கு மட்டும் தனியா ஒரு வரி எழுதி எல்லாத்துக்கும் மேல வச்சேன். ஏன்னா பாருங்க, அவ என்னைக் கூப்பிடல. அவ கூப்பிட்டது உதவி மையத்தை. நானும் அவளைக் கூப்பிடல. வந்த அழைப்பை எடுத்தேன், அது என் உத்தியோகம். யாரும் யார்கிட்டயும் தோக்கல. இதை இந்த ஷூ பெட்டியைத் தவிர வேற எந்தப் பெரிய மனுஷனாலயும் பேசித் தீர்த்திருக்க முடியாது சார்.

அன்னிலேர்ந்து செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. மேடம், பின்னாடி வெள்ளை ஒயர் இருக்கா பாருங்க, அதை எடுத்துட்டு மறுபடி சொருகுங்க. சொருகிட்டேன் சார். இப்ப வருதா? வருது சார். அப்புறம் அங்க மழையான்னு நான் கேப்பேன். இங்க வெயிலான்னு அவ கேப்பா. உதவி மையத்துல நேரத்துக்குச் சாப்பிட விடறாங்களான்னு கேப்பா. இருபது நிமிஷம். எனக்கு எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்தா ரெண்டாவது வாக்கியத்துலயே குரங்கு வந்துடும், நீங்களே பார்த்தீங்க. ஆனா அந்த இருபது நிமிஷத்துல உதவி மையம்னு சொல்றதைத் தவிர ஒரு பொய் கிடையாது. வெயில்னா வெயில். சாப்பிடலன்னா சாப்பிடல.

அவளுக்குத் தெரியுமான்னா? நானும் ரெண்டு மாசம் அதையேதான் யோசிச்சேன். எங்கடா இது, வாரா வாரம் அதே ஒயர் கழண்டுக்குதேன்னு. அப்புறம் ஒரு நாள் அந்தத் திரையோட பதிவேட்டை இங்கேர்ந்தே திறந்து பார்த்தேன். எந்த ஒயர் எப்பக் கழண்டுது, எப்ப மாட்டிச்சுன்னு அது நிமிஷம் விடாம எழுதி வைக்கும். செவ்வாய், பத்து அம்பத்தெட்டு, ஒயர் கழண்டது. அடுத்த செவ்வாய், பத்து அம்பத்தெட்டு. அதுக்கடுத்த செவ்வாய், பத்து அம்பத்தொன்பது, அன்னிக்கு ஏதோ நோயாளி போலிருக்கு. மத்த நாள்ல ஒரு தடவை கூடக் கழண்டதில்ல. எலி கடிச்சாலும் கிழமை பார்த்துக் கடிக்காது சார். இருநூறு செவ்வாய்க்கிழமையா அவளே போய் அந்த ஒயரைப் பிடுங்கிட்டு வந்து உட்கார்ந்து, சார், ரெண்டாவது திரையில படம் வரலங்கறா.

நான் பார்த்தேன்னு அவகிட்ட சொல்லல. அவளும் சொல்லல.

என்ன சார், கண்ணாடியைத் துடைக்கறீங்க? ஏசிதான். அதுக்குத்தான் தள்ளி உட்காரச் சொன்னேன்.

என்ன எழுதப் போறீங்க? இருங்க, படிங்க. அவசர ஆலோசனைக்கான தனி வழி, புது சிஸ்டத்துக்கும் மாத்தணும். அட. உங்க ஆபீஸ்ல உங்களைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருக்காங்களோ, நீங்க நல்ல மனுஷன் சார். இங்க பாருங்க, என் சட்டைப்பையில என்ன இருக்குன்னு. பிரிங்க. பார்த்தீங்களா? அவசர சிகிச்சை ஆலோசனைக்கான தனி வழி, எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது. ரெண்டு நாள் முன்னாடியே எழுதி மடிச்சு வச்சுட்டேன். காலையிலேயே நீட்டியிருந்தா நீங்களும் வாங்கி ஒட்டியிருப்பீங்க, நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன், குரங்குக் கதை, மீசைக் கதை கேக்கற நேரமெல்லாம் உங்களுக்கு மிச்சமாயிருக்கும்.

கை வரல சார். மத்ததுல எவ்வளவு வேணும்னாலும் சேர்த்துப் பேசலாம். இந்த வரியில வேண்டாம். காரணம் இல்லைன்னே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன், குடுங்க அந்தப் பேனாவை. இதோ. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை சார், பதினோரு மணிக்கு மட்டும் வேண்டாம். பதினொண்ணரைக்கு அணைச்சுக்குங்க. அரை மணி நேரம் தாமதம்னு எழுதி, கிழவன் கதை சொல்லிக் கழுத்தறுத்தான்னு கீழ போட்டுக்குங்க. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

இப்ப ஏன் அந்த வரியை விடறேன்னு கேக்கறீங்களா? போன வாரம் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். பேசிக்கிட்டே இருக்கறப்போ அவ கேட்டா, சார், உங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குதே, உடம்பு சரியில்லையான்னு. டாக்டர் இல்லையா, காது கூர்மை. நான் சட்டுன்னு சொல்லிட்டேன், ஒண்ணும் இல்ல மேடம், லிஃப்ட் வேலை செய்யல, நாலு மாடி ஏறி வந்தேன்னு. இந்த அறை தரைத்தளம் சார். இந்தக் கட்டடத்துக்கே லிஃப்ட் கிடையாது. அவ ஒயரை மாட்டிட்டு வச்சுட்டா.

வியாழக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். மூணு இடத்துல அடைப்பாம். அடைச்ச பாதையை விட்டுட்டுப் பக்கத்துல மாத்துப் பாதை போட்டு ரத்தத்தைத் திருப்பி விடறாங்களாம். அந்த டாக்டர் படம் வரைஞ்சு எனக்கு விளக்கறார் சார், எனக்கு. முப்பத்தஞ்சு வருஷமா நான் அதைத்தானய்யா பண்ணிக்கிட்டு இருக்கேன்னு சொன்னேன். பொழைக்கறவங்கதான் அதிகம்னார். நூத்துக்கு எத்தனைன்னும் சொன்னார், நல்ல எண்தான். ஆனா அன்னிக்கு அவ அம்மாவுக்கும் நல்ல எண்தான் சொன்னாங்க.

அதனால இன்னிக்குச் சொல்லிடணும். ரெண்டாம் தடவையும் யாரோ சொல்லி அவ வந்து நிக்கக் கூடாது. சொன்னப்புறம் இந்த வரி எதுக்கு? இனிமே கூப்பிடணும்னா நேரா என்னைக் கூப்பிடட்டும், இல்லன்னா நான் கூப்பிடறேன். வீம்பெல்லாம் அந்த ஆபரேஷன் மேசையில படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?

மணி என்ன? சரியாவா? உங்க கடிகாரம் சரியா இருக்கா?

இதோ, பெட்டியில பச்சை விளக்கு விட்டு விட்டு எரியுது பாருங்க. நாப்பத்து மூணு. ஒண்ணாம் வரியில பொருந்திச்சு, மாத்திச்சு, அனுப்பிச்சு. இப்ப மணி அடிக்கும். அடிச்சுது. நீங்க இருங்க சார், போக வேண்டாம். நாற்காலியை மட்டும் ஆட்டாதீங்க.

வணக்கம், உதவி மை... இல்ல. இரும்மா. அந்த ஒயர் கிடக்கட்டும், அப்புறம் சொருகிக்கலாம். அப்பாதான் பேசறேன்.